சுண்ணாம்புச் சுவரில் பிளாஸ்டிக் தோல்

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் எங்கள் கொள்ளுத்தாத்தா காலத்து வீடு. பட்டாலை என்கிற கூடத்தின் சுவர் முன்பெல்லாம் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கும். 2009இல் ஒரு கல்யாணத்துக்காக அதற்கும் முகப்புக்கும் எமல்ஷன் அடித்தோம். 2016இல் மாடி ஒழுகியதால் ரப்பர் போன்ற வாட்டர்புரூஃப் பூச்சு போட்டார்கள். இப்போது தரையிலிருந்து மூன்று அடி உயரத்துக்குப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிகிறது; பின்னால் வெள்ளைப் பொடி. எல்லாவற்றையும் கிரைண்டரால் தேய்த்துவிட்டு எபாக்சி பிரைமர் வைத்து மறுபடி எமல்ஷன் அடிக்கலாம், முகப்புக்கு சிலிக்கான் தெளிக்கலாம் என்கிறார் பெயின்ட் கடைக்காரர். வாசல் மேலுள்ள கஜலட்சுமி சுதைச் சிற்பத்திலும் எனாமல் ஏறியிருக்கிறது. என்ன செய்வது?

பதில்:

கிரைண்டரை வீட்டுக்குள் விடாதீர்கள். எபாக்சிக்கு முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள். மற்ற எதற்கும் அவசரம் இல்லை.

முதலில், உரிந்து தொங்கும் தோல் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் பெயின்ட். பின்பக்கம் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கும். அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பஞ்சு போல, முடி போல இருந்த வெள்ளை கரைந்து போனால் அது உப்பு. கரையாமல் நின்று, எலுமிச்சைச் சாறு பட்டதும் நுரைத்தால் அது சுண்ணாம்பு. அதாவது, கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கிய உங்கள் வீட்டுப் பூச்சின் கடைசித் தளம், பெயின்ட்டோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது. பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும். பெயின்ட் சுவரை விடவில்லை, சுவர்தான் தன்னைத் தானே விட்டுவிட்டது. கிரைண்டர் மிச்சமிருப்பதையும் எடுத்துவிடும் என்பதால்தான் அதை முதலில் சொன்னேன்.

ஏன் இப்படி ஆகிறது? சுண்ணாம்புக் காரை நுண்துளைகள் நிறைந்தது. பழைய வீடுகளின் அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்பு இல்லை. மண்ணின் ஈரம் செங்கல் வழியாக ஏறத்தான் செய்யும். ஏறிய ஈரம் காரையின் முகத்தில் வந்து காற்றில் காய்ந்துபோகும், கூட வந்த உப்பு வெளியே பூக்கும், துடைத்தால் போய்விடும். நூறு ஆண்டுகளாக இப்படித்தான் நடந்தது. எமல்ஷன் என்பது அக்ரிலிக் பிளாஸ்டிக்கின் நுண்துளிகள் தண்ணீரில் மிதக்கும் பால். தண்ணீர் போனதும் துளிகள் ஒன்றோடொன்று இளகிச் சேர்ந்து தோலாகின்றன. அந்தத் தோல் வழியே ஆவி கொஞ்சம் போகும், ஆனால் காரையின் வேகத்துக்கு ஈடு கொடுக்காது. அதனால் ஈரம் காயும் இடம் சுவரின் முகத்திலிருந்து தோலுக்குப் பின்னால் நகர்கிறது. உப்பும் அங்கேயே படிகமாகிறது.

சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகக் கரையும், கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். நம்மூரில் ஒரே நாளில் விடியற்காலைக்கும் பிற்பகலுக்கும் நடுவே இந்தக் கோடு கடக்கப்படும். சோடியம் சல்பேட் இன்னும் மோசம். பத்து மடங்கு நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு மூன்று மடங்குக்கு மேல் பருக்கிறது. அடிச்சுவரில் யாராவது சிமென்ட் ஒட்டுப் போட்டிருந்தால் இந்த வகை உப்புக்குச் சிமென்ட்டும் ஒரு ஊற்று. தினம் தினம் நடக்கும் இந்த விரிவும் சுருக்கமும் காரையை உள்ளிருந்து மாவாக்குகிறது.

தோலும் சும்மா இருப்பதில்லை, அதற்கும் வயசாகிறது. தோல் இளகிச் சேர உதவிய கரைப்பான் மெல்ல ஆவியாகிறது. பாலைத் திரியாமல் வைத்திருந்த சோப்பு போன்ற சேர்மானம் மேலே கசிகிறது, ஈரத்தில் கழுவிப் போகிறது. வெயில் படும் முகப்பில் புற ஊதாக்கதிர் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கிறது. சில இடங்களில் குறுக்கே பின்னுகிறது. மொத்தத்தில் தோல் சுருங்கி, விறைத்து, ஓரத்தில் சுருள்கிறது. சுருளும்போது, தான் ஒட்டியிருப்பதை இழுக்கும். மாவாகிப்போன காரைக்கு அந்த இழுப்பைத் தாங்கும் வலு இல்லை.

எபாக்சி ஏன் வேண்டாம் என்பதும் இதிலேயே இருக்கிறது. அது இன்னும் இறுக்கமான தோல், ஈரத்துக்கு வழியே விடாது. உப்பு மூன்றடியில் நிற்காமல் மேலே ஐந்தடி, ஆறடிக்குப் போய்க் கொப்புளிக்கும். அக்ரிலிக்கையாவது கரைப்பானால் இளக்கலாம். இறுகிய எபாக்சி எதிலும் கரையாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். "பத்து வருஷம் கவலையில்லை" என்று கடைக்காரர் சொன்னால் அதில் பாதி உண்மைதான். கவலை கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே.

இனி, சுவரில் என்னென்ன பூச்சு இருக்கிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். கதவுக்குப் பின்னால், அலமாரிக்கு அடியில் என்று மறைவான நான்கு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். பஞ்சுக் குச்சியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிசுபிசுவென்று இளகிப் பஞ்சில் நிறம் ஏறினால் எமல்ஷன் அல்லது டிஸ்டெம்பர். அசையாமல் இருந்தால் எனாமல். ஆல்கஹாலுக்கு மசியாமல் எலுமிச்சைச் சாற்றில் நுரைத்தால் வெறும் சுண்ணாம்பு வெள்ளை. அந்த வெள்ளையும் தோலாக உரிகிறதென்றால், யாரோ சுண்ணாம்பில் ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையைக் கலந்திருக்கிறார்கள். சுண்ணாம்பு கையில் ஒட்டாமல் இருக்கப் பெயின்டர்கள் செய்யும் வழக்கம் இது. அந்தப் பசை பாலிவினைல் அசிட்டேட். சுண்ணாம்பின் காரமும் ஈரமும் சேர்ந்தால் அது உடைந்து அசிட்டேட் உப்பாகிறது, தோல் தண்ணீரில் குழைகிறது. உப்புக்கு எதிராகப் போராடும் சுவருக்குள் இன்னொரு உப்பு.

பிறகு ஒரு கூர்மையான கத்தியால் ஒரு ரூபாய் நாணய அளவில், ஒவ்வொரு பூச்சும் ஒரு படி தெரியும்படி மெல்லச் சீவுங்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் படிக்கட்டு போல எத்தனை பூச்சு, எந்த வரிசை என்று தெரியும். அடியில் நீலமோ பச்சையோ கோடாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பட்டாலையின் மேல்விளிம்பில் பூவேலையோ படமோ எமல்ஷனுக்கு அடியில் புதைந்திருப்பது செட்டிநாட்டில் அபூர்வம் இல்லை. அந்தச் சுவர் முழுவதையும் ஓவியப் பாதுகாப்புத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்து, விரல் முட்டியால் சுவர் முழுவதும் தட்டிப் பாருங்கள். கெட்டியாகச் சத்தம் வரும் இடம், பொள்ளலாக வரும் இடம் இரண்டையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே என் கருத்து ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: மூன்றடிக்கு மேல் காய்ந்து, கெட்டியாக, உரியாமல் இருக்கும் எமல்ஷனை இப்போது தொடாதீர்கள். அசிங்கம்தான், ஆனால் கெடுதல் செய்யவில்லை. அதை எடுக்கும் வேலையில் பளபளப்புத் தளத்துக்கு வரும் ஆபத்து, அது அங்கே இருப்பதால் வரும் ஆபத்தைவிடப் பெரிது. கையில் காசும் நல்ல ஆளும் ஒன்றாகக் கிடைக்கும் நாள் வரட்டும்.

பெயின்ட்டில் கை வைக்கும் முன் தண்ணீர் வேலை. வெளியே தரைமட்டம் உள்தரையைவிட உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தெருவுக்கு ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் வீடு ஒரு சாண் தாழ்கிறது. சுவரை ஒட்டிய சிமென்ட் நடைபாதையை ஒன்றரை அடி அகலத்துக்கு உடைத்து எடுத்து, அங்கே ஜல்லி நிரப்புங்கள். மண் மூச்சு விட இடம் வேண்டும். வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், விழும் மழைநீர் போகும் சுரங்க வடிகால் அடைத்திருந்தால் அந்த ஈரம் நேராகச் சுவருக்குத்தான் போகும். அடிச்சுவரின் சிமென்ட் ஒட்டுகளை உளியால், சிறு சுத்தியலால், துண்டு துண்டாக எடுங்கள். உரிந்து தொங்கும் தோலை மட்டும் கையால் நீக்கிவிட்டு ஒரு கோடை முழுக்கச் சுவரை அப்படியே காயவிடுங்கள். உப்பு வெளியே பூக்கும். பயப்படாதீர்கள், அது நல்ல அறிகுறி. காய்ந்த பிரஷ்ஷால் தட்டி முறத்தில் பிடித்துக் குப்பையில் போடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் கரைந்து உள்ளே திரும்பிவிடும்.

கோடை முடிவில், மூன்றடிக்குள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் பெயின்ட்டை எடுக்கலாம். ஒரு அடிக்கு ஒரு அடி சோதனைச் சதுரங்களில் ஆரம்பியுங்கள். முதல் முயற்சி, வீட்டு உபயோக ஸ்டீம் கிளீனர். மூக்கை மூன்று விரற்கடை தள்ளிப் பிடித்து 10 முதல் 15 விநாடி காட்டினால் அக்ரிலிக் ரப்பர் போல இளகும். இளகிய நொடியில் பிளாஸ்டிக் சுரண்டியால், சுவருக்குச் சாய்வாக, தோலாக உருட்டி எடுங்கள். இளகாத இடத்தில் அழுத்த வேண்டாம், மறுபடி ஆவி காட்டுங்கள். பளபளப்பு மங்குகிறதென்றால் நிறுத்திவிடுங்கள்.

ஆவிக்கு மசியாத இடத்தில் கரைப்பான். ஆனால் பஞ்சில் ஊற்றித் தேய்ப்பது தப்பு. கரைந்த பிளாஸ்டிக் குழம்பாகி நுண்துளைக்குள் இறங்கும், காய்ந்தால் உள்ளே இன்னொரு தோல். நமக்கு வேண்டியது கரைவது அல்ல, உப்பி எழும்புவது. 80 மில்லி ஐசோபுரோபைல் ஆல்கஹால், 20 மில்லி பென்சைல் ஆல்கஹால், அதில் கூழாக்குவதற்கு 4 கிராம் ஹைட்ராக்சிபுரோபைல் செல்லுலோஸ் பொடியைத் தூவிக் கலக்கி, மூடி ஒரு இரவு வையுங்கள், காலையில் கூழாகியிருக்கும். சுவரில் மெல்லிய டிஷ்யூ தாளை ஒட்டி, அதன் மேல் கூழை இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் தடவி, பாலித்தீனால் மூடி 15 நிமிடம் விடுங்கள். தாளோடு கூழை உரித்தால் சுருங்கி எழும்பிய பெயின்ட்டைச் சுரண்டி எடுக்கலாம். மிச்சத்தை ஆல்கஹால் நனைத்த பஞ்சை உருட்டி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஒரு தடவையில் வராவிட்டால் நேரத்தை நீட்டாமல் இன்னொரு தடவை வையுங்கள்.

ஐசோபுரோபைல் ஆல்கஹால் நம்மூர் அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கும் ஆவி விடும். வேலை நாளில் சாமி விளக்கு, சுவிட்ச் போடுவது, கேஸ் அடுப்பு எல்லாவற்றையும் யோசியுங்கள். தூசிக்குப் போடும் முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான பழுப்புப் பட்டை வடிகட்டி வைத்த கவசம் வேண்டும். கடையில் விற்கும் காஸ்டிக் சோடா ரிமூவர் வேண்டாம், அது சுவரில் சோடியம் உப்பை விட்டுப் போகும். ஆசிட் சுண்ணாம்பையே தின்னும். ஹாட் ஏர் கன் தேக்கு உத்தரங்களுக்குப் பக்கத்தில் கூடவே கூடாது.

பெயின்ட் போன பின் உப்பை இழுக்க வேண்டும். நியூஸ் பேப்பர் அல்ல, மை இல்லாத வெள்ளைக் காகிதத்தைக் கிழித்து, காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்துக் கூழாக்குங்கள். அதோடு சம அளவு சீனக்களிமண், இரண்டு பங்கு கழுவிய மணல். விரற்கடை கனத்தில் சுவரில் அப்பி, மூடாமல் காயவிடுங்கள். காயும்போது ஈரம் சுவரிலிருந்து கூழுக்கு வரும், உப்பும் கூட வரும். தானே விட்டுக்கொடுக்கும் பதத்தில் எடுத்துவிடுங்கள். எத்தனை தடவை? ஆர்.ஓ. தண்ணீர் பார்க்க விற்கும் பாக்கெட் டி.டி.எஸ். மீட்டர், அதாவது நீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி, பதில் சொல்லும். காய்ந்த கூழ் 10 கிராம், காய்ச்சி வடித்த நீர் 100 மில்லி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு அளந்து எழுதிவையுங்கள். சுவரில் அப்பாத கூழையும் இதே போல அளந்து கழித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் எண் இறங்கும். இரண்டு தடவை தொடர்ந்து பெரிதாக இறங்கவில்லை என்றால் நிறுத்தலாம். பளபளப்புத் தளம் பிழைத்திருக்கும் இடத்தில் இந்த வேலை வேண்டாம்.

மூன்றடிக்குள் பழைய கண்ணாடிப் பூச்சைத் திரும்பக் கொண்டுவர இப்போது முயலாதீர்கள். கொத்தனார்கள் ஆசைப்படுவார்கள். இறுகத் தேய்த்த முகம் மிச்ச உப்புக்கு இன்னொரு மூடி. நீற்றிப் புளித்த சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்றுமணல் அல்லது சலித்த செங்கல்தூள் கலந்த மணல் மூன்று பங்கு. ஒரு தளத்துக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் இரண்டு தளம், நடுவே ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டுக் காக்க வேண்டும். மரப்பலகையால் தேய்த்துச் சொரசொரப்பாக விடுங்கள். உப்பு இதற்குள் வந்து இதைத்தான் கெடுக்கும். சில வருஷத்தில் கொத்திவிட்டு மறுபடி போடுவோம். பலி கொடுப்பதற்கென்றே போடும் பூச்சு இது. சுவர் அமைதியான பின், பேரப்பிள்ளைகள் அந்தக் கண்ணாடிப் பளபளப்பு முட்டைப் பூச்சைப் போட்டுக்கொள்ளட்டும்.

மேலே வெள்ளை: புளித்த சுண்ணாம்பு ஒரு பங்கு, தண்ணீர் மூன்று நான்கு பங்கு, துணியில் வடிகட்டிப் பால் பதம். சுவரை நனைத்துவிட்டு, நாளைக்கு ஒன்று வீதம் ஐந்து பூச்சு. கெட்டியாக ஒரே பூச்சு அடித்தால்தான் கையில் ஒட்டும், அதற்குத்தான் பசையைத் தேடுவார்கள். கொஞ்சம் அரிசிக் கஞ்சி போதும். வெள்ளையில் கல்லுப்பு போடும் பழக்கம் உள்ள ஆள் வந்தால், இந்த வீட்டில் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

மாடி விஷயம் இதைவிடக் கவலைக்குரியது. உங்களுடையது தேக்குக் கட்டைகள் மேல் செங்கல் அடுக்கி, செங்கல் ஜல்லிக் காரை கொட்டி, தட்டோடு (தட்டையான ஓடு) பதித்த மெட்ராஸ் டெரஸாக இருக்கும். ரப்பர் பூச்சில் முடி அளவு விரிசல் விட்டாலும் மழை உள்ளே போகும், வெளியே வர வழி இல்லை. கீழே கட்டையின் சுவருக்குள் புதையும் முனைதான் முதலில் இற்றுப்போகும். கறையானும் அங்கேதான் வரும். முனையில் ஒரு மெல்லிய ஆணியைக் குத்திப் பாருங்கள். ஆணி மெத்தென்று உள்ளே இறங்கினால் பொறியாளரை அழையுங்கள், அதுவரை அடியில் முட்டுக் கொடுங்கள். கெட்டியாக இருந்தால், வெயில் காலத்தில் ரப்பர் தோலை உரித்து, தட்டோடு இடுக்குகளைக் கொத்தி, சுண்ணாம்பும் சலித்த செங்கல்தூளும் கடுக்காய் நீரில் குழைத்து அடைத்து, தண்ணீர் தேங்காத வாட்டம் கொடுங்கள். மறுபடி ரப்பர் போடாமல் வருஷம் ஒரு முறை இடுக்கு பார்த்தால் போதும்.

முகப்புக்குச் சிலிக்கான்: இப்போது வேண்டாம். தண்ணீரை விலக்கும் சிலேன், சிலாக்சேன் என்ற சிலிக்கான் வகைகள் தோலாக நிற்பதில்லை, துளைச்சுவரில் வேதியியலாக ஒட்டிக்கொள்கின்றன. ஆவிக்கு வழி விடும் என்பது சரி. ஆனால் உப்புள்ள சுவரில் ஈரம் அந்தத் தளத்துக்குப் பின்னால் காயும், உப்பு அங்கே படியும், சில வருஷத்தில் முகம் தகடாகக் கழலும். எடுக்கவும் முடியாது. தண்ணீர் முத்து முத்தாக உருளும் அழகு வெயிலில் முதலில் போய்விடும், உள்ளே தடை அப்படியே இருக்கும். பிறகு அடிக்கும் வெள்ளையும் பிடிக்காது.

செயற்கைப் பிசின் என்றாலே விரோதம் என்று சொல்லவில்லை. அருங்காட்சியகங்கள் நம்பும் பேரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் வெளிச்சத்தில் மஞ்சளாவது மிகக் குறைவு, பல ஆண்டு கழித்தும் அசிட்டோனில் கரையும். ஆனால் அது கண்ணாடி நிலையிலிருந்து இளகும் வெப்பம் சுமார் 40 டிகிரி. சித்திரை வெயில் படும் மேற்குச் சுவர் அதைத் தாண்டும். பிசின் இளகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். நிழலில் உள்ள சுதையில் உடைந்த ஒரு விரலை ஒட்டப் பயன்படுத்தலாம், முகப்பு முழுக்கத் தடவக் கூடாது. அஜந்தாவில் 1920-22இல் நிஜாம் அரசு வரவழைத்த இத்தாலியர்கள் செக்கோனியும் ஓர்சினியும் ஓவியங்கள் மேல் ஷெல்லாக் பூசினார்கள். அது பழுப்பேறியது. பின்னாளில் பாலிவினைல் அசிட்டேட் பூசப்பட்டது, அதுவும் மங்கியது. தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் அவற்றைக் கரைத்து நீக்கவே ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. ஷெல்லாக் அரக்கிலிருந்து வருவது, செயற்கை அல்ல. சுவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

கஜலட்சுமியில் நீங்கள் கை வைக்க வேண்டாம். எனாமலின் ஆல்கைடு பிசின் காற்றோடு சேர்ந்து இறுகிக்கொண்டே போகும், கடைசியில் முட்டை ஓடு போல நொறுங்கும். அடியிலுள்ள சுண்ணாம்பு ஈரமானால் காரம் அதைச் சோப்பாக்கும். பூச்சு ஏற ஏற விரல் மடிப்புகள் மறைந்து கை கையுறை போட்டது போல ஆகியிருக்கும். உள்ளே இரும்புக் கம்பி இருந்தால் துருவும் தள்ளும். பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. காய்ந்த நிலையில் சுரண்டிய தூசி குழந்தைகள் உள்ள வீட்டில் பறக்கக் கூடாது. இப்போதைக்கு தண்ணீர் வழியாமல் சிற்பத்துக்கு மேலுள்ள விளிம்பின் விரிசலைச் சுண்ணாம்புப் பசையால் அடைத்து, நாலாபுறமும் படம் எடுத்து வையுங்கள். சுதை தெரிந்த பாதுகாவலர் வந்து பூச்சு பூச்சாக இறக்கட்டும்.

எடுத்த ஒவ்வொரு பெயின்ட் தோலிலும் ஒரு துண்டைக் காகித உறையில் போட்டு, எந்தச் சுவர், எத்தனை அடி உயரம், தேதி, நீங்கள் வைத்த கரைப்பான், டி.டி.எஸ். எண் எல்லாம் மேலே எழுதுங்கள். 2009 எமல்ஷன் டப்பா எங்காவது கிடக்கிறதா என்றும் தேடுங்கள், மூடியில் உள்ள பெயர் இருந்தால்கூட வேலை பாதியாகும்.